ரத்த சோகை என்று நாட்டுக்கே சொன்னார்கள்... எவிட்டாவின் ரத்தம் இன்று இருந்தால் என்ன சொல்லியிருக்கும்?

1951 செப்டம்பர் கடைசி வாரம். அர்ஜென்டினா அதிபரின் மனைவி ஈவா பெரோனுக்கு ரத்த சோகை, அவருக்கு ரத்தம் ஏற்றப்படுகிறது, முழு ஓய்வு தேவை என்று மருத்துவ அறிக்கை வெளியானது. நாடு முழுக்க தேவாலயங்களில் பிரார்த்தனை நடந்தது.

அந்த அறிக்கையில் இருந்தது பொய் இல்லை. அவருக்கு ரத்த சோகை இருந்தது உண்மைதான். ஆனால் அது ஏன் வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருக்கு வந்திருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அதுவும் நன்றாக முற்றிய நிலையில்.

அடுத்த 10 மாதங்களில் அறுவை சிகிச்சை நடந்தது, நோய் திரும்பி வந்தது, 33 வயதில் எவிட்டா இறந்தும் போனார். புற்றுநோய் என்ற வார்த்தை கடைசி வரை அதிகாரப்பூர்வமாக வெளியே வரவே இல்லை.

ஒரு நாட்டின் மிகச் சக்திவாய்ந்த பெண்ணிடமே அவருடைய நோய் ஏன் மறைக்கப்பட்டது? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திரும்பி வந்தால், நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்பதை ரத்தப் பரிசோதனையை வைத்துக் கணிக்க முடியுமா? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த எவிட்டா?

ஈவா பிறந்தது 1919 மே 7-ம் தேதி. பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தில் இருக்கும் லாஸ் டோல்டோஸ் என்ற சின்ன ஊர். அப்பா ஹுவான் டுவார்டேவுக்கு வேறொரு ஊரில் சட்டப்படியான மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். அம்மா ஹுவானா இபார்குரெனுக்குப் பிறந்த 5 பிள்ளைகளில் ஈவாதான் கடைக்குட்டி.

ஈவாவுக்கு 6 வயதாக இருக்கும்போது அப்பா கார் விபத்தில் இறந்துவிட்டார். துக்கத்துக்குப் போன அம்மாவையும் பிள்ளைகளையும் அந்த வீட்டார் வேண்டாவெறுப்பாகத்தான் உள்ளே விட்டார்கள். ஊரார் முன்னால் நேர்ந்த அந்த அவமானம் ஈவாவின் மனதில் ஆழமாகப் பதிந்தது என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அம்மா தையல் மெஷினை வைத்தே பிள்ளைகளை வளர்த்தார். பிறகு குடும்பம் ஹுனின் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. 15 வயதில், நடிகையாக வேண்டும் என்ற ஒரே ஆசையோடு ஈவா தலைநகர் பியூனஸ் அயர்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆரம்பத்தில் துண்டு துக்கடா வேடங்கள்தான். கையில் காசில்லாத நாட்கள். அவரைத் தூக்கிவிட்டது ரேடியோ. வானொலி நாடகங்களில் அவருடைய குரல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1943-ல் வரலாற்றின் புகழ்பெற்ற பெண்களைப் பற்றிய ஒரு தொடர் நாடகத்தில் ராணிகளாகவும் நடிகைகளாகவும் பேசி நடித்தார்.

நிலநடுக்கம் சேர்த்துவைத்த ஜோடி

1944 ஜனவரி 15-ம் தேதி சான் ஹுவான் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். நிவாரண நிதி திரட்ட பியூனஸ் அயர்ஸின் லூனா பார்க் அரங்கில் கலைநிகழ்ச்சி நடந்தது. தொழிலாளர் நலத்துறையைக் கவனித்துவந்த ராணுவ கர்னல் ஹுவான் பெரோனை ஈவா சந்தித்தது அங்கேதான்.

பெரோன் ஏற்கெனவே மனைவியை இழந்தவர். முதல் மனைவி ஆரேலியா டிசோன் 1938-ல் 36 வயதில் இறந்துபோயிருந்தார். காரணம், கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய். இந்தத் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1945 அக்டோபரில் பெரோனின் செல்வாக்கைக் கண்டு பயந்த ராணுவத் தலைமை அவரைக் கைது செய்தது. அக்டோபர் 17-ம் தேதி தொழிலாளர்கள் பெரும் திரளாக மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். அன்று இரவே பெரோன் விடுதலையானார். சில நாட்களிலேயே இருவருக்கும் திருமணம். அடுத்த ஆண்டு பெரோன் அதிபரானார்.

ஓட்டுரிமை, மருத்துவமனை, தையல் மெஷின்

அதிபர் மாளிகையில் விருந்தினர்களை வரவேற்பதோடு ஈவா நிற்கவில்லை. 1947 செப்டம்பரில் அர்ஜென்டினா பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் சட்டம் வந்தது. அதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடியவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற வைக்கும் அரசியல் பலத்தைக் கொடுத்தவர் ஈவா. 1949-ல் பெண்களுக்கென்றே பெரோனிஸ்ட் கட்சியின் தனிப்பிரிவையும் தொடங்கினார்.

1948-ல் தொடங்கிய ஈவா பெரோன் அறக்கட்டளை மூலம் மருத்துவமனைகள், நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளி, முதியோர் இல்லங்கள், குழந்தைகள் இல்லங்கள் கட்டப்பட்டன. நாட்டின் உள்பகுதிகளுக்கு மருத்துவ வசதியோடு ஒரு ரயிலே போனது. தையல் மெஷின் கேட்டு வந்தவருக்குத் தையல் மெஷின், கட்டில் கேட்டு வந்தவருக்குக் கட்டில். மனு கொடுக்க வந்தவர்களை ஈவா நேரில் சந்தித்துப் பேசுவார். அந்த வேலை பல நாட்கள் நள்ளிரவு தாண்டியும் நடக்கும்.

விமர்சனங்களும் குறைவில்லை. அறக்கட்டளையின் கணக்கு வழக்கில் வெளிப்படைத்தன்மை இல்லை, நிறுவனங்களை மிரட்டி நன்கொடை வாங்குகிறார்கள், எதிர்த்து எழுதும் பத்திரிகைகளை அரசு நசுக்குகிறது என்று எதிர்த்தரப்பு குற்றம்சாட்டியது. ஏழைகள் அவரைக் கிட்டத்தட்ட தெய்வமாகப் பார்த்தார்கள். வசதியானவர்களில் பலர் அந்த அளவுக்கே வெறுத்தார்கள். எவிட்டாவைப் பற்றி இரண்டுக்கும் நடுவில் நின்று பேசுபவர்களை இன்றும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதல் அறிகுறி எப்போது?

1950 ஜனவரி. டாக்சி தொழிலாளர் சங்க விழா ஒன்றில் ஈவா மயங்கி விழுந்தார். சில நாட்களில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் ஆஸ்கர் இவானிசெவிச். அவர் மருத்துவர் மட்டுமல்ல, பெரோன் அரசின் கல்வி அமைச்சரும்கூட.

அப்போதே புற்றுநோய் இருக்கலாம் என்று தான் சந்தேகப்பட்டதாகவும், கர்ப்பப்பையை அகற்றச் சொன்னபோது ஈவா மறுத்துவிட்டதாகவும் இவானிசெவிச் பின்னாளில் சொன்னார். இதை எல்லா ஆய்வாளர்களும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஈவா ஓய்வெடுக்கவில்லை, மருத்துவர்களைப் பக்கத்தில் விடவில்லை என்பதில் பெரிதாக மாற்றுக்கருத்து இல்லை.

1951 ஆகஸ்ட் 22-ம் தேதி பியூனஸ் அயர்ஸின் அகன்ற சாலையில் லட்சக்கணக்கானோர் கூடி, ஈவா துணை அதிபர் வேட்பாளராக வேண்டும் என்று கோஷமிட்டார்கள். 9 நாட்கள் கழித்து அவர் ரேடியோவில் பேசி அதை மறுத்துவிட்டார். ராணுவத்தின் எதிர்ப்பு ஒரு காரணம். அந்த நேரத்தில் அவருடைய உடலும் ஒத்துழைக்கவில்லை. ரத்தப்போக்கும் வலியும் அதிகமாகி, பரிசோதனையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உறுதியானது இதை ஒட்டிய வாரங்களில்தான்.

அக்டோபர் 17-ம் தேதி அர்ஜென்டினாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு நடந்தது. அதில் நாடு பார்த்தது, கணவர் இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொள்ள, நிற்கவே சிரமப்பட்டுப் பேசிய ஈவாவை.

அறுவை சிகிச்சை செய்தவரை நோயாளி பார்க்கவே இல்லை

ஈவாவுக்கு முதலில் ரேடியம் வைத்துக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கப்பட்டது. அடுத்து அறுவை சிகிச்சை. அதற்காக நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையிலிருந்து ஜார்ஜ் பேக் என்ற புகழ்பெற்ற புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர் ரகசியமாக வரவழைக்கப்பட்டார்.

1951 நவம்பர் முதல் வாரம். இடம், ஈவாவின் அறக்கட்டளை கட்டிய அவெஜனேடா மருத்துவமனை. ஈவாவுக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் பேக் அறுவை அரங்குக்குள் வந்தார். அவர் கண் விழிக்கும் முன்பே வெளியேறிவிட்டார். அர்ஜென்டினாவின் பிரபல மருத்துவர் ரிக்கார்டோ பினோச்சியெட்டோதான் அறுவை சிகிச்சை செய்தார் என்று ஈவாவிடமும் மக்களிடமும் சொல்லப்பட்டது.

தன் வயிற்றில் கத்தி வைத்தவர் யார் என்பதே நோயாளிக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்தே இந்த விஷயம் வெளியே வந்தது.

சில நாட்களிலேயே, நவம்பர் 11-ம் தேதி தேர்தல். பெண்கள் நாடு தழுவிய அளவில் வாக்களித்த முதல் தேர்தல் அது. ஓட்டுப்பெட்டி ஈவாவின் மருத்துவமனைக் கட்டிலுக்கே கொண்டுவரப்பட்டது. படுத்தபடியே வாக்களித்தார். சுமார் 38 லட்சம் பெண்கள் வாக்களித்த அந்தத் தேர்தலில் 23 பெண்கள் கீழவைக்கும் 6 பெண்கள் செனட்டுக்கும் தேர்வானார்கள்.

திரும்பி வந்த நோய்

எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. 1952 பிப்ரவரியில் மறுபடியும் இடுப்புப் பகுதியில் வலி. பரிசோதனையில் புற்றுநோய் திரும்பி வந்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து அப்போது சுமார் 3 மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மறுபடியும் சிகிச்சை தொடங்கியது. நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற மருந்தும் கொடுக்கப்பட்டது. போரில் பயன்பட்ட மஸ்டர்ட் வாயுவின் குடும்பத்தைச் சேர்ந்த ரசாயனம் அது. 1940-களில்தான் புற்றுநோய் மருந்தாக அறிமுகமாகியிருந்தது. அர்ஜென்டினாவில் கீமோதெரபி பெற்ற முதல் நோயாளி ஈவாதான் என்று சொல்லப்படுகிறது. பலன் இல்லை.

மே 1-ம் தேதி மாயோ சதுக்கத்தில் கடைசியாகப் பேசினார். மே 7-ம் தேதி 33-வது பிறந்தநாள். ஜூன் 4-ம் தேதி பெரோன் இரண்டாம் முறை பதவியேற்றபோது திறந்த காரில் நின்றபடி ஊர்வலத்தில் வந்தார். அப்போது அவருடைய எடை சுமார் 36 கிலோ. நிற்க முடியாததால் பெரிய கோட்டுக்குள் ஒரு சட்டகம் வைத்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள் என்று சொல்வார்கள். வலியைக் குறைக்க மூளையில் ஓர் அறுவை சிகிச்சைகூட நடந்தது என்று சில ஆய்வாளர்கள் பிற்காலத்தில் எழுதினார்கள். அது இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது.

1952 ஜூலை 26-ம் தேதி இரவு 8.25 மணிக்கு ஈவா இறந்ததாக ரேடியோ அறிவித்தது.

திரும்பி வரும் புற்றுநோய் ஏன் இவ்வளவு ஆபத்து?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்பி வந்தால் கதை வேறு. அப்படித் திரும்புவது பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் நடக்கிறது. ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்த இடத்திலேயே வந்தால் மறுபடி கதிர்வீச்சு கொடுப்பது கஷ்டம். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் என்பதால் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது.

நோய் திரும்பியவர்களில் யாருக்கு கீமோதெரபி பலன் தரும், யாருக்குத் தராது என்று பார்க்க 2010-ல் மூர் அளவுகோல் என்ற ஒரு மதிப்பெண் முறை வெளியானது. அதில் கவனிக்கப்படும் 5 விஷயங்களில் ஒன்று, முதல் ஓராண்டுக்குள்ளேயே நோய் திரும்பியதா என்பது. இன்னொன்று, நோய் இடுப்புப் பகுதியில் இருக்கிறதா என்பது. நோயாளி நடமாடும் நிலையில் இருக்கிறாரா என்பதும் பார்க்கப்படும்.

ஈவாவுக்கு நோய் சுமார் 3 மாதத்தில் திரும்பியது. வலி வந்தது இடுப்பில். சில வாரங்களில் நிற்கவே முடியவில்லை. இன்றைய கணக்கில் பார்த்தாலும் அவர் அதிக ஆபத்துள்ள பிரிவில்தான் வருவார்.

சரி, ரத்தம் என்ன சொல்லும்?

மூர் அளவுகோலின் 5 விஷயங்களில் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆனால் ரத்தத்தில் இருக்கும் சில அளவுகளும் இந்த நோயின் போக்கைக் காட்டுகின்றன என்று பல நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. இவற்றைத்தான் ரத்த மார்க்கர்கள் என்கிறார்கள். முக்கியமானவை இவை:

ஹீமோகுளோபின்: ஈவாவின் மருத்துவ அறிக்கையில் வெளியான ஒரே விஷயம் இதுதான். கட்டியிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் ஹீமோகுளோபின் குறையும். குறைந்தால் கட்டிக்குப் போகும் ஆக்ஸிஜனும் குறையும். கதிர்வீச்சு புற்றுநோய் செல்லைக் கொல்வதற்கு ஆக்ஸிஜன் பெரிய துணை. ஆக்ஸிஜன் இல்லாத கட்டி கதிர்வீச்சுக்கு லேசில் மசியாது. அதனால் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும் நோயாளிகளுக்குச் சிகிச்சையின் பலனும் குறைவாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள்.

எஸ்.சி.சி. ஆன்டிஜென்: 1977-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவிலிருந்து பிரித்தெடுத்த புரதம். இந்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் ஸ்குவாமஸ் வகையில் இதன் அளவு கூடும். சிகிச்சைக்குப் பிறகு இறங்கிய அளவு மறுபடி ஏறத் தொடங்கினால் நோய் திரும்புகிறது என்று சந்தேகிக்கலாம். ஸ்கேனில் கட்டி தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே இது ஏறிவிடுவதும் உண்டு.

வெள்ளை அணுக்களின் விகிதம்: ரத்தத்தில் நியூட்ரோஃபில் எத்தனை, லிம்ஃபோசைட் எத்தனை என்ற கணக்கு. ரொம்ப சிம்பிளா சொன்னா, நியூட்ரோஃபில் கூடினால் உடலில் அழற்சி அதிகம் என்று பொருள். லிம்ஃபோசைட் குறைந்தால் புற்றுநோயை எதிர்க்கும் படை மெலிந்துவிட்டது என்று பொருள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் வரும் விகிதம் கூடக் கூட, நோயாளியின் நிலை மோசமாக வாய்ப்பு அதிகம். இதற்குத் தனி டெஸ்ட்கூட வேண்டாம். சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனை ரிப்போர்ட்டிலேயே இந்த இரண்டு எண்களும் இருக்கும்.

அல்புமினும் சி.ஆர்.பி.யும்: அல்புமின் என்ற புரதம் குறைவதும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கூடுவதும் உடல் உருக்குலைந்து வருவதன் அடையாளம். 36 கிலோவுக்கு இறங்கிய ஒருவரின் ரத்தத்தில் இவை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

ரத்தத்தில் மிதக்கும் வைரஸ் டி.என்.ஏ.: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கிட்டத்தட்ட எல்லா நேரமும் காரணம் எச்.பி.வி. வைரஸ்தான். புற்றுநோய் செல்கள் அழியும்போது அந்த வைரஸின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். சிகிச்சை முடிந்த பிறகும் அவை ரத்தத்தில் தங்கியிருந்தால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இது இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் செய்யும் வழக்கமான பரிசோதனையாக மாறவில்லை.

அப்போ ஆயுளைக் கணித்துவிட முடியுமா?

இங்கேதான் கவனம் தேவை. இந்த எண்கள் எல்லாம் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் சராசரியிலிருந்து வந்தவை. ஒரு குழுவின் இடைநிலை ஆயுள் 12 மாதம் என்றால், அதில் பாதிப் பேர் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள் என்றும் அர்த்தம். எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி எந்தப் பாதி என்பதை அந்த எண் சொல்லாது.

வேறு சிக்கல்களும் உண்டு. சாதாரணத் தொற்று வந்தாலே நியூட்ரோஃபில் ஏறும். ஸ்டீராய்டு மருந்து எடுத்தாலும் ஏறும். எஸ்.சி.சி. அளவு சொரியாசிஸ் போன்ற தோல் நோயிலும் சிறுநீரகக் கோளாறிலும் கூடலாம். அடினோகார்சினோமா என்ற இன்னொரு வகைப் புற்றுநோயில் அது அவ்வளவாக உதவாது. எந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் இருக்கிறது. அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். ஸ்கேன், பயாப்ஸி, நோயாளியின் உடல்நிலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.

இன்னொரு விஷயம். அளவைச் சரிசெய்தால் நோய் சரியாகிவிடும் என்றும் நினைக்கக்கூடாது. ஹீமோகுளோபினை மருந்து கொடுத்து உயர்த்தினால் கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். ரத்தக்கட்டு ஆபத்து காரணமாக அப்படிப்பட்ட ஓர் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. புகையைப் பார்த்து நெருப்பு இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம். புகையை விரட்டினால் நெருப்பு அணையாது.

பிறகு எதற்கு இந்த மார்க்கர்கள்? யாருக்கு அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும், யாருக்குத் தீவிர சிகிச்சை தரலாம், யாருக்கு அது உடலை வதைப்பதில் மட்டுமே முடியும், யாருக்கு வலி நிவாரணத்தை உடனே தொடங்க வேண்டும் என்று யோசிக்க இவை உதவும். நோயாளியோடு உட்கார்ந்து நேர்மையாகப் பேசவும் உதவும்.

ஈவாவுக்கு இல்லாமல் போனது

1951-ல் இதில் எதுவுமே இல்லை. பாப் ஸ்மியர் பரிசோதனையைப் பற்றி ஜார்ஜ் பாபனிகோலாவ் 1940-களின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார், ஆனால் அது இன்னும் பரவலாகவில்லை. சிஸ்பிளாட்டின் மருந்து புழக்கத்துக்கு வந்தது 1970-களில். எச்.பி.வி.க்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஹரால்ட் ஸுர் ஹவுசன் குழுவினர் கண்டறிந்தது 1980-களில். அதற்காக அவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரோனின் முதல் மனைவியை நினைவிருக்கிறதா? ஒருவரின் இரண்டு மனைவிகளுக்கும் இந்தப் பகுதியிலேயே புற்றுநோய் வந்ததால், வைரஸ் அவர் மூலம் பரவியிருக்கலாம் என்று பின்னாளில் சிலர் எழுதினார்கள். அதை இனி நிரூபிக்க வழியில்லை. எச்.பி.வி. மிகமிகச் சாதாரணமாகப் பரவும் வைரஸ். பெரும்பாலானோருக்கு வந்த சுவடே இல்லாமல் தானாகவே போய்விடும். ஒரு சிலருக்கு மட்டும் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறும். அதனால் நோய் வந்த பெண்ணின் ஒழுக்கத்தையோ, அவர் கணவரின் ஒழுக்கத்தையோ இதை வைத்து எடைபோடுவது தவறு.

நோய் திரும்பியவர்களுக்கான சிகிச்சையும் இப்போது மாறியிருக்கிறது. 2014-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கீமோதெரபியோடு பெவாசிஸுமாப் மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் சுமார் 13 மாதத்திலிருந்து 17 மாதமாக உயர்ந்தது. 2021-ல் வெளியான இன்னொரு ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு சிகிச்சையைச் சேர்த்தவர்களில் சுமார் 50% பேர் 2 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். சேர்க்காதவர்களில் அது சுமார் 40%.

நோயாளிக்குத் தெரியாத நோய்

மருந்து இல்லாதது அந்தக் காலத்தின் குறை. ஆனால் தகவல் இல்லாமல் போனது யாருடைய முடிவு?

1950-களில் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் விடுவது அர்ஜென்டினாவில் மட்டுமல்ல, அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் வழக்கம்தான். சொன்னால் மனம் உடைந்துவிடும் என்று மருத்துவர்களும் குடும்பத்தினரும் நம்பினார்கள். ஈவா விஷயத்தில் அதோடு அரசியலும் சேர்ந்துகொண்டது. அவர் ஆட்சியின் முகம். தேர்தல் நேரம் வேறு. அவருக்கு மரணம் நெருங்குகிறது என்ற செய்தி அரசையே ஆட்டிவைக்கும்.

ஈவா எந்த அளவுக்கு ஊகித்திருந்தார் என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. தன் உடலுக்கு நடப்பது என்ன என்று முழுதாக உணராமல் இருந்திருக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரேடியம் வேண்டுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா, கடைசி மாதங்களை எப்படிக் கழிப்பது என்பதையெல்லாம் உண்மையைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. லட்சக்கணக்கான பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்தவருக்குத் தன் உடல் விஷயத்தில் ஒரு ஓட்டுகூட இல்லை.

இறந்த பிறகும் அதே நிலைதான். உடல் பதப்படுத்தப்பட்டது. 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்ததும் ராணுவம் அதை எடுத்து மறைத்தது. இத்தாலியின் மிலான் நகரில் வேறொரு பெண்ணின் பெயரில் புதைத்தது. 1971-ல் தோண்டியெடுக்கப்பட்டு ஸ்பெயினில் இருந்த பெரோனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1974-ல் அர்ஜென்டினா திரும்பியது. 1976 முதல் பியூனஸ் அயர்ஸின் ரெகோலெட்டா கல்லறைத் தோட்டத்தில், டுவார்டே குடும்பக் கல்லறையில் இருக்கிறது.

இப்போது என்ன நிலை?

உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022-ல் மட்டும் சுமார் 6.6 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 3.5 லட்சம் பேர் இறந்தார்கள். தடுப்பூசியும் பரிசோதனையும் இருக்கும் ஒரு நோயில் இத்தனை மரணங்கள்.

அர்ஜென்டினா 2011-ல் 11 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் சேர்த்தது. பிறகு சிறுவர்களுக்கும் விரிவுபடுத்தியது. பெண்கள் 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி, இன்னும் குறுகிய இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும்.

எந்த அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது?

மாதவிடாய் இல்லாத நாட்களில் ரத்தப்போக்கு, உடலுறவுக்குப் பிறகு ரத்தம் கசிவது, மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தம் வருவது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இடுப்பிலும் முதுகிலும் தொடர்ந்து வலி. இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ரத்த சோகை என்று ரிப்போர்ட் வந்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு விஷயத்தை முடித்துவிட வேண்டாம். ரத்தம் எங்கே போகிறது, ஏன் குறைகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே சிகிச்சை முடித்தவர்கள், முதல் 2 ஆண்டுகளுக்கு மருத்துவர் சொல்லும் எந்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப்போடாமல் வரிசையாக வைத்திருங்கள். அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒப்பிட மருத்துவருக்கு அவை தேவைப்படும்.